துணையாக்கங்கள்: 'பொன்னியின் செல்வ'னைச் சூழ்ந்த நூலும் இசையும்

1. ஆய்வுப் பொருள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. மணிரத்னம் அதை இரண்டு படங்களாக எடுத்தார். முதற்படம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் படம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. தொடருக்கும் படத்துக்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் ஓவியம், மொழிபெயர்ப்பு, தொடர்ச்சி நாவல், மேடை நாடகம், ஒலிப்புத்தகம், படக்கதை என ஒரு பெருங்கூட்டம் அக்கதையைச் சுற்றிச் சேர்ந்துவிட்டது. படத்தையொட்டிப் பாடல் தொகுப்பும் படப்பிடிப்புக் காணொளிகளும் அதனோடு கூடின. கதையைப் பற்றி எழுதியவர் பலர். படத்தைப் பற்றிப் பேசியவர் அதனினும் பலர். சூழ நிற்கும் இந்தக் கூட்டத்தை வரையறுத்து, வகுத்து, அதன் காரணங்களையும் நிலைகளையும் முறைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வைப் பினாங்கிலிருந்து மேற்கொள்வதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்த வாசகர் பலர் முதல்நூலுக்கு முன்பே துணையாக்கத்தைச் சந்தித்துவிடுகின்றனர். லெபு பாசாரில் கடை வாசல் ஒலிபெருக்கி பாடும் பாட்டு ஒருவரை எட்டிய பின்னரே, அந்தப் பாட்டு எந்தக் கதையைச் சேர்ந்தது என்ற கேள்வி அவருக்குள் எழுகிறது. வாசல் வழியே வீட்டை அறிபவரிடம்தான் வாசலைப் பற்றி நாம் நன்கு கேட்டறிய முடியும்.

2. வரையறை

ஒரு கதையாக்கத்தைச் சார்ந்து நின்று, அக்கதையை நடத்திச் செல்லும் பொறுப்பைத் தான் ஏற்காமல், அதன் வாசிப்பையோ காட்சியையோ கேள்வியையோ விரித்துத் தரும் ஆக்கத்தைத் 'துணையாக்கம்' என்கிறோம். இதற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு.

முதலாவது சார்பு: மூலக்கதை இல்லையேல் துணையாக்கம் பொருள் இழக்கும். இரண்டாவது தனிநிலை: அதைக் கையில் தனியே எடுத்துப் படிக்கவோ கேட்கவோ முடியும். மூன்றாவது மீள்வழி: அது தன்னிடம் வந்தவரை மூலத்துக்குத் திருப்பி அனுப்பும். படத்தின் பெயர் அச்சிட்ட சட்டைக்கு முதல் இரண்டு இலக்கணமும் ஓரளவு பொருந்தும், மூன்றாவது பொருந்தாது. ஆகவே அது வணிகச் சரக்கு, துணையாக்கம் ஆகாது. மூன்றாம் இலக்கணமே உயிரானது என்பது நம் துணிபு. பின்வரும் பகுதிகள் அதை நிறுவும்.

3. மரபில் இதன் இடம்

பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத், நூலைச் சூழும் முன்னுரை, தலைப்பு, நேர்காணல் முதலியவற்றை 1987-இல் தனி நூலாக ஆராய்ந்தார். தமிழ் மரபுக்கு இப்பொருள் புதிதன்று. பவணந்தியாரின் நன்னூல் பாயிரத்தைத் தனி இயலாகவே அமைத்தது. அணிந்துரை, புறவுரை என்று அதற்குப் பல பெயர்களும் தந்தது. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது அவர் கொள்கை. சூழ நிற்பதும் நூலின் ஒரு பகுதியே என்னும் கருத்து இதில் அடங்கியிருக்கிறது.

நன்னூல் மற்றொரு கருவியையும் நமக்குத் தருகிறது. அது நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுக்கும். முதல்நூலின் முடிபைப் பின்பற்றி, பின்னோன் வேண்டிய வேறுபாட்டையும் உடையது வழிநூல். அவ்விரண்டிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தனக்கென வேறுபாடு உடையது சார்புநூல். இந்த அளவில் வைத்துப் பார்த்தால் கல்கியின் நாவல் முதல்நூல். மணிரத்னத்தின் படம் வழிநூல். நாவலில் சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் என்று தெரியவருகிறது. படத்தில் மதுராந்தகனே முடிசூடுகிறான். நாவலின் மணிமேகலை படத்தில் இல்லை. இவை பின்னோன் வேண்டிய வேறுபாடுகள்.

சார்புநூலுக்குப் பூங்குழலியின் பாட்டு நல்ல எடுத்துக்காட்டு. கோடிக்கரைக் கடலில் ஓடம் செலுத்தியபடி அவள் பாடும் பாட்டைக் கல்கியே நாவலில் எழுதியிருக்கிறார். வெளியே கடல் அடங்கியிருக்க, உள்ளே ஏன் இந்தக் கொந்தளிப்பு என்பது அதன் உள்ளுறை. படத்தில் வரும் 'அலைகடல்' பாட்டைச் சிவா ஆனந்த் புதிதாக எழுதினார். அந்தரா நந்தி பாடினார். அதன் சூழல் நாவலுடையது, காட்சி படத்துடையது, சொல்லும் மெட்டும் அதற்கே உரியவை. இருபுறமும் கொண்டு, தானும் வேறாய் நிற்கும் சார்புநூலின் இலக்கணம் இதில் முழுமையாகப் பொருந்துகிறது.

4. வகைகள்

துணையாக்கங்களை அவை செய்யும் பணி நோக்கி நான்காக வகுக்கிறோம்.

அ. விளக்கத் துணை. வம்சாவளி, நிலப்படம், மாந்தர் அகராதி, கல்வெட்டுக் குறிப்பு முதலியன. இவற்றின் பணி தெளிவித்தல். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்கு உரியவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிக்கிறது. நாவலின் சதிகாரர்கள் இப்பெயர்களையே தாங்கி வருகின்றனர். இதை ஒரு குறிப்பு சொல்லும்போது, கல்லில் இருந்தது எது, கல்கி படைத்தது எது என்று வாசகர் பிரித்தறிகிறார்.

ஆ. புலன் துணை. கண்ணுக்கும் செவிக்கும் உரியவை. தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் இதில் முதன்மையானவை; குந்தவையின் கொண்டையும் நந்தினியின் பார்வையும் தமிழர் மனத்தில் பதிந்தது அவர் தூரிகையால். பம்பாய் கண்ணன் பல குரல்களைக் கொண்டு உருவாக்கிய ஒலிப்புத்தகமும், நிலா காமிக்ஸ் வெளியிட்ட படக்கதையும், ஏ.ஆர். ரகுமானின் இசையும் இவ்வகையின.

இசையை மேலும் இரண்டாகப் பிரிக்கவேண்டும். பின்னணி இசை படத்தின் உடலோடு ஒட்டியது. அதைத் தனியே எடுப்பது அரிது. முதற்படத்தின் பின்னணி இசைக்கு ரகுமானும் ஒலி வடிவமைப்புக்கு ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியும் தேசிய விருது பெற்றனர். பாடல் தொகுப்போ தனிநிலை உடையது. தமிழ்த் திரையில் அது படத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. 'பொன்னி நதி' 2022 ஜூலை இறுதியிலும், தொகுப்பு முழுவதும் செப்டம்பர் தொடக்கத்திலும் வந்தன. படம் வந்தது அம்மாத இறுதியில். எனவே நம் பாடல் தொகுப்பு நினைவுப் பொருளாக வருவதில்லை, பாயிரமாகவே வருகிறது. இளங்கோ கிருஷ்ணனின் வரிகள் இருபது வயது இளைஞர் வாயில் ஏறிய அந்த இரண்டு மாதங்களில், ஒரு பழைய நாவலுக்குப் புதிய பாயிரம் பாடப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

இ. ஆக்கச் சான்றுத் துணை. படம் எவ்வாறு உருவாயிற்று என்று காட்டும் காணொளி, நேர்காணல், உடை மற்றும் அரங்க வரைவுகள். தோட்டா தரணியின் அரங்கமும் ஏகா லகானியின் உடையும் பற்றிய விளக்கங்கள் இதில் அடங்கும். வெளிநாட்டு மிகுபுனைவுத் தொடர்களிலும் இவ்வகையும் விளக்க வகையும் செழித்துள்ளன. டோல்கீன் 1955-இல் தம் மிகுபுனைவு நாவலின் மூன்றாம் பாகத்தின் இறுதியில் வம்சாவளியும் மொழிக் குறிப்பும் பின்னிணைப்பாகத் தந்தார். பிலிப் புல்மன் 2003-இல் 'லைராஸ் ஆக்ஸ்ஃபோர்ட்' என்ற சிறுநூலுக்குள் ஒரு மடிப்பு நிலப்படத்தையே வைத்தார்.

ஈ. தொடர்ச்சித் துணை. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' ஆகியன கல்கி நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகின்றன. இவை தம் கதையைத் தாமே நடத்துவதால் வரையறைக்குள் முழுதும் அடங்கா. ஆயினும் சார்பு மிகுதியாதலின் எல்லை வகையாகக் கொள்கிறோம். இராசராசனும் பெரிய கோயிலும் பற்றிய பாலகுமாரனின் 'உடையார்' இந்த எல்லையைக் கடந்து தனி முதல்நூலாகிவிட்டது.

5. காரணங்கள்

துணையாக்கம் தோன்றக் காரணம் நான்கு.

முதற்காரணம் மாந்தர் பெருக்கம். ஐந்து பாகம், மூன்று அரச மரபு, ஒரே பட்டப்பெயர் கொண்ட பல மன்னர். நினைவுக்கு ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு குடும்பம் காத்துவரும் பைண்டு கட்டை ஒருமுறை பார்க்க வாய்த்தது. இதழிலிருந்து வாராவாரம் கிழித்தெடுத்துத் தைத்த தாள்கள். ஓரத்தில் ஊசி போட்ட துளைகள் துருவேறியிருந்தன. அத்தியாயத்தின் மறுபக்கத்தில் பாதி அறுந்த விளம்பரம். பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு வம்சாவளி. கண்டராதித்தருக்குக் கீழே ஒரு கோடு, அரிஞ்சயருக்குக் கீழே ஒரு கோடு, சுந்தர சோழருக்குக் கீழே மூன்று பிள்ளைகள். மதுராந்தகன் பெயர் எழுதி, அழித்து, மீண்டும் எழுதப்பட்டிருந்தது. பதிப்பாளர் எவரும் கேட்காமல், தன் தேவைக்காக ஒரு வாசகர் செய்துகொண்ட துணையாக்கம் அது. இவ்வகை நூல்களின் விதை வாசகரின் ஐயத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பென்சில் கோடுகளைவிடச் சிறந்த சான்றை நாம் கண்டதில்லை.

இரண்டாம் காரணம் வரலாறும் கற்பனையும் கலந்தமை. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனை. வந்தியத்தேவனோ தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயர் பெற்றவர். எது எது என்று அறியும் வேட்கை வாசகரைக் கல்வெட்டு வரை இழுத்துச் செல்கிறது.

மூன்றாம் காரணம் முடிவின்மை. கதை முடிந்தபோது மாந்தரின் பிற்கால வாழ்வைப் பற்றி வாசகர் கேட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி, வரலாற்றைத் துணைகொண்டு விடை தந்தார். இந்நாவலுக்கு எழுத்தில் அமைந்த முதல் துணையாக்கத்தைத் தந்தவர் அதன் ஆசிரியரே என்பது கருதத்தக்கது.

நான்காம் காரணம் உரிமைத் திறப்பு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் பதிப்பகம் பலவும் நூலை அச்சிட்டன. விலை இறங்கியது, வாசகர் பெருகினர், அவர்களுக்கான துணைகளும் பெருகின.

6. நிலைகள்

வளர்ச்சியை நான்கு நிலைகளில் காண்கிறோம். முதலாவது உடன்தோன்று நிலை: மணியத்தின் ஓவியம் கதையோடு அதே வாரத்தில் பிறந்தது. இரண்டாவது வழித்தோன்று நிலை: தொடர்ச்சி நாவல்களும், சி.வி. கார்த்திக் நாராயணன் போன்றோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும். மூன்றாவது மேடை நிலை: 1999-இல் சென்னையில் மேஜிக் லாண்டர்ன் குழு இளங்கோ குமரவேலின் நாடகவாக்கத்தை அரங்கேற்றியது. நான்காவது திரை நிலை.

மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குச் சென்ற வழியே நம் ஆய்வுக்கு மிக முதன்மையானது. எம்.ஜி.ஆர் 1950-களின் இறுதியிலேயே இக்கதையைப் படமாக்க முனைந்தார், அது நிறைவேறவில்லை. பல பாகங்களை ஓர் இரவு அரங்குக்குள் அடக்கும் வித்தையை முதலில் செய்து காட்டியது நாடகம். அந்த நாடகத்தை எழுதிய குமரவேலே பின்னர் மணிரத்னத்தோடு படத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார். சார்பாக நின்ற ஒன்று வழிநூலுக்குப் படியாயிற்று. துணையாக்கம் மூலத்தின் நிழல் மட்டுமே என்னும் கருத்து இவ்விடத்தில் நிலைகுலைகிறது.

7. பினாங்குக்கு வேண்டிய துணைநூல்

மீள்வழி என்னும் இலக்கணத்தை இங்கே உரைத்துப் பார்க்கலாம். ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த் செல்லும் ஃபெரியில் வானம் தெளிந்த காலையில் வடக்கே நோக்கினால் குனோங் ஜெராய் நீலமாய்த் தெரியும். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரத்தின் பழைய துறை. அங்கே மெர்போக்கில் சண்டி புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல்லடித்தளம் மீட்டமைக்கப்பட்டு நிற்கிறது. செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரைத் தாங்கியது.

நாவலில் நோயுற்ற அருள்மொழிவர்மன் (பின்னாளைய இராசராசன்) நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் மறைந்திருக்கிறான். அந்த விகாரத்தை எழுப்பியவர்கள் கடாரத்து மன்னர்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இராசராசன் வழங்கியதை லெய்டனில் வைக்கப்பட்ட பெரிய செப்பேடு கூறுகிறது. இருபத்தொரு ஏடுகள், ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ். செப்பேடு காட்டும் காலம் இராசராசன் அரசனானதற்குப் பிற்பட்டது. கல்கி விகாரத்தைச் சில பத்தாண்டுகள் முன்னே கொண்டுவந்து வைத்தார். சென்னை வாசகருக்கு இது ஓர் அடிக்குறிப்பு. நமக்கோ, நம் கரைக்கு எதிரே இருந்த அரசன் கட்டிய வீட்டில் நம் கதையின் நாயகன் அடைக்கலம் பெற்ற செய்தி. அந்த நட்பு ஒரு தலைமுறைக்குள் முறிந்து, 1025-இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரனையும், சாண்டில்யனின் 'கடல்புறா' பின்வந்த தலைமுறையின் கீழ்க்கடலையும் எழுதின. மூன்று நாவல்களையும் ஒருங்கே வைத்து, கடாரக் கரையில் நின்று எழுதப்படும் நிலப்படமும் காலவரிசையும் கொண்ட விளக்கத் துணையே பினாங்கு மாணவருக்கு வேண்டியது. வென்றவர் மெய்க்கீர்த்தியோடு, வெல்லப்பட்ட துறைமுகத்தின் மண்ணில் கிடைத்ததும் அதில் இடம்பெற வேண்டும்.

8. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். துணையாக்கம் நன்னூலார் கூறிய சார்புநூலின் இக்கால வடிவம். அதன் தோற்றம் வாசகரின் தேவையில் உள்ளது. வணிகம் பின்னர் வந்து சேர்வது. அதன் மதிப்பை விற்பனை கொண்டு அளத்தல் பொருந்தாது. எத்தனை பேரை மூலத்திடமும், மூலத்துக்கும் மூலமான கல்வெட்டிடமும் சேர்த்தது என்பதே அளவு.

'தேவராளன் ஆட்டம்' கேட்டுவிட்டு ஓர் இளைஞர் தேவராளன் யார் என்று வினவுவாராயின், நாவல் அவனைக் கடம்பூர் மாளிகைக்கு வந்த கூத்தனாக முதலில் காட்டும். பின்னர் அவன் பரமேசுவரன் என்று சொல்லும். உடையார்குடிக் கல் அந்தப் பெயரை ஏந்தி நிற்கும். பாட்டிலிருந்து கல்வரை வழி திறந்தே இருக்கிறது. அவ்வழியில் நடப்பவர் கையில் கொடுக்கத்தக்க நிலப்படத்தை வரைவது நம் கடமை. முன்னோர் ஒருவர் பின்னட்டையில் பென்சிலால் அதைத் தொடங்கிவிட்டார்.