சயாம் அரசவையில் ஒலிக்கும் தமிழ்

கொத்தமங்கலத்து நகரத்தார் இல்லங்களைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. கீழைக் கடலின் அக்கரையிலிருந்து மரம் இங்கு வந்ததற்குப் பன்னூறாண்டுகள் முன்னரே இக்கரையிலிருந்து நம் மொழி அங்குச் சென்றிருக்கின்றது. சயாம் என்று நம் முன்னோர் அழைத்த தாய்லாந்தின் மேலைக் கரையில், தக்குவாபா என்னுமிடத்தில், மணிக்கிராமத்து வணிகரின் பாதுகாப்பில் விடப்பட்ட குளம் ஒன்றைக் குறிக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. கல்லில் பொறித்த தமிழ் இது. சொல்லில் நின்ற தமிழ் அந்நாட்டு அரசவையிலேயே உண்டு.

பாங்காக் செல்லும் நம்மவர் அரண்மனையையும் கடைவீதிகளையும் கண்டு திரும்புகின்றனர். அந்நகரின் நடுவே செந்நிறம் பூசிய மாபெரும் ஊஞ்சற் கம்பம் ஒன்று நிற்பதன் வரலாற்றை அறிந்தோர் சிலரே. இன்றைய அரச மரபின் முதல்வரான முதலாம் இராமா 1784இல் இதனையும் பிராமணர் கோயிலையும் எழுப்பினார். மார்கழி, தைப் பருவத்தில் நிகழும் இதன் விழாவுக்குத் 'திரியம்பாவாய், திரிபாவாய்' என்று பெயர். சைவரும் வைணவரும் மார்கழியில் ஓதும் திருவெம்பாவை, திருப்பாவை என்பனவே சயாமியர் நாவில் இவ்வாறு திரிந்தன. முன்னாளில் பிராமணர்கள் இவ்வூஞ்சலில் உயர ஆடி, கம்பத்தில் கட்டிய பணமுடிப்பைப் பற்களால் கவ்வுவர். அவ்வாட்டம் 1935இல் நின்றது. கம்பம் 2007இல் ஆறு தேக்கு மரங்களால் புதுப்பிக்கப்பெற்றது. சடங்கோ கோயிலுக்குள் தொடர்கின்றது.

இப்பிராமணர்கள் தம் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர் என்பர். 2019 மே மாதம் இன்றைய மன்னர் முடிசூடியபோது ஒன்பதடுக்கு வெண்குடையை அவரிடம் அளித்தவர் இவர்தம் தலைவரே. மன்னர் பௌத்தராயினும் எல்லாச் சமயங்களுக்கும் காவலர் என்பது அந்நாட்டு மரபு. 17ஆம் நூற்றாண்டில் அயோத்தியா தலைநகராயிருந்தபோது ஈரானின் கும் நகரத்து வணிகரான ஷைகு அஹ்மது அரசவையில் உயர்பதவி பெற்றார். அவர் வகித்த 'சுலாராஜமொந்திரி' என்னும் முஸ்லிம் தலைமைப் பதவி இன்றும் அங்கு நிலைத்துள்ளது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கிரந்த எழுத்தின் வழிவந்த எழுத்தில் எழுதிய ஏடுகளைக்கொண்டு பிராமணர்கள் அப்பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்தனர், பொருளை மறந்துவிட்டனர். ஒலியும் சிதைந்தது. தனிநாயக அடிகளார் போன்ற தமிழறிஞர்கள் 1950களில் ஆராய்ந்து எழுதிய பின்னரே அது திருவெம்பாவை என்பது தமிழுலகில் பரவலாகத் தெரியவந்தது.

இதில் நமக்கொரு படிப்பினை இருக்கின்றது. இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத் தமிழில் நூல்கள் இயற்றினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அத்தகைய ஏடுகளை நம் உம்மாமார் சரளமாக ஓதினர். சயாமில் ஓதுவோர்க்குப் பொருள் தெரியவில்லை; நமக்கோ, ஓதிக் கேட்டால் பொருள் விளங்கும், ஓதத்தான் ஆளில்லை. அங்கே ஒலியையேனும் காக்க அரசவை இருந்தது. நமக்கு நம் இல்லங்களே உள்ளன. பெட்டியில் கிடக்கும் அவ்வேடுகளை வெளியே எடுத்து, படிக்கத் தெரிந்த மூத்தோர் நம்மிடையே வாழும்போதே, பிள்ளைகளை அவர்களருகே அமர்த்துவோமாக!