சவரக்கத்தியும் ஆர்டென் மலைக்கல்லும்

சவரக்கத்தியின் வரலாற்றை ஆராய்வோர் உருக்கை நோக்குமளவிற்குக் கல்லை நோக்குவதில்லை. எனினும், கத்தியின் இறுதிக் கூர்மை அதனைத் தீட்டும் கல்லிலேயே பெரிதும் தங்கியுள்ளது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியெல்சாம் என்னும் ஊரை அண்டி அகழப்பட்ட 'கொற்றிக்கூல்' இதற்குத் தக்க சான்றாகும். சிறு தீட்டுகல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது இப்பெயர்.

சிலேற்றுப் பாறைகளிடையே மெல்லிய மஞ்சட் படைகளாகக் காணப்படும் இக்கல்லில் நுண்ணிய கார்னெற் மணிகள் செறிந்துள்ளன. அவை ஏறத்தாழ உருண்டை வடிவினவாதலால் உருக்கை ஆழமாகக் கீறுவதில்லை. கல்லை உரைத்தெடுத்த குழம்பிலே தீட்டின் கத்தி விரைந்து தேயும். தெளிந்த நீரிலே தீட்டின் மெருகேறும். ஆகவே, ஒரே கல் இருபணி புரிந்தது.

1903ஆம் ஆண்டில் ஜில்லெற் நிறுவனம் மாற்றத்தக்க அலகுடைய சவரக்கருவியை விற்கத் தொடங்கிற்று. முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர்க்கும் அது வழங்கப்பட்டது. மழுங்கிய அலகை எறிந்துவிடலாம் என்ற நிலை தோன்றவே, தீட்டுகல்லின் தேவை குன்றியது. அதனை அகழ்ந்தோர், அறுத்தோர் ஆகியோரின் சீவனோபாயமும் நலிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகழ்வு அருகிப்போய், பின்னர் சிறு அளவிலேயே மீண்டது.

கல்லின் தரம் குறைந்திலது; கருவியைப் பேணும் வழக்கமே குறைந்தது. ஒரு தொழிலின் வீழ்ச்சிக்கு அதன் பொருளின் குறைபாடே காரணமெனக் கொள்வது எப்போதும் பொருந்தாது என்பதை இக்கல்லின் வரலாறு உணர்த்துகின்றது.