ஆலோசகருக்கு மார்க் போடுவது யார்?

சர்க்குலர் வந்துவிட்டது சரி, அதன்படி நடந்தார்களா? வங்கிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி அத்துப்படி. பேச்சால் மனநோய் தீர்க்கும் சிகிச்சையிலும் இதே கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

மாத்திரையில் மில்லிகிராம் அச்சிட்டிருக்கும். மூடிய அறைக்குள் நடக்கும் பேச்சுக்கு ஏது அளவு? குணமாகவில்லை என்றால் முறை தப்பா, முறைப்படி செய்யாதது தப்பா? எப்படிச் சொல்வது?

1942-ல் அமெரிக்கர் கார்ல் ரோஜர்ஸ், பதிவு செய்த ஆலோசனை உரையாடல்களை வரிக்கு வரி புத்தகத்தில் வெளியிட்டார். மூடிய கதவு கொஞ்சம் திறந்தது. 1979-ல் ஆரோன் பெக் குழுவினர் மனச்சோர்வு சிகிச்சைக்குக் கையேடு எழுதினார்கள். 1980-ல் ஜெஃப்ரி யங்கும் பெக்கும் மார்க் ஷீட்டே போட்டார்கள்: 11 அம்சங்கள், தலா 0 முதல் 6, மொத்தம் 66. நாற்பது எடுத்தால் தேர்ச்சி என்பது வழக்கமாயிற்று. 1993-ல் ஜெனிபர் வால்ட்ஸும் சகாக்களும் இரண்டு கேள்விகளைப் பிரித்தார்கள்: சொன்னதைச் செய்தாரா? அதை நன்றாகச் செய்தாரா?

சரி, நம் நாட்டில் ஒலிப்பதிவைக் கேட்டு மார்க் போட நிபுணர்களுக்கு எங்கே போவது? கோவாவில் விக்ரம் படேலின் சங்கத் அமைப்பு சுலபமான வழி கண்டது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பிட்டார்கள். நிபுணர்கள் போட்ட மார்க்கோடு அது ஓரளவு ஒத்துப்போனது (2014). அதே வகை ஆலோசகர்களை வைத்து 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு விலகியிருந்தது, பெறாதவர்களில் 39.

அடுத்து எங்கள் டில்லி. 2018-ல் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களிடம் சங்கத் ஒரு ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்குப் பிரச்சனை தீர்க்கும் கையேடு மட்டும். மீதிப் பேருக்குக் கையேட்டோடு ஆலோசகரும். ஆலோசகர் கிடைத்த பிள்ளைகள், தாங்களே சொன்ன பிரச்சனைகள் கூடுதலாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் நோய் அறிகுறிகளில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இப்படி ஒரு விடை வரும்போதுதான் அறைக்குள் நடந்தது என்ன என்ற கேள்வி முக்கியமாகிறது.

மார்க் மட்டும் போதுமா? போதாது. 2010-ல் 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முறைப்படி நடந்ததற்கும் குணமானதற்கும் சராசரியில் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. ஃபைல் சுத்தமாக இருந்தும் வாராக்கடனாகும் லோன் மாதிரி! ஆனாலும் ஃபைலே இல்லாவிட்டால் எங்கே தவறியது என்று தேடக்கூட முடியாது.

அடுத்த முறை யாராவது "கவுன்சலிங் போனோம், பலனில்லை" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எந்த முறை, அதைச் சரியாகத்தான் செய்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.