குழந்தைப்பருவத் துன்புறுத்தலும் இதய-வளர்சிதைமாற்ற நலமும்

குழந்தைப்பருவத் துன்புறுத்தல் என்பது 18 வயதுக்குள் ஒருவர் அடையும் உடல், மன, பாலியல் கொடுமைகளையும் பராமரிப்பின்றிப் புறக்கணிக்கப்படுவதையும் குறிக்கும். இதய-வளர்சிதைமாற்ற நலம் என்பது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றின் சீர்நிலையாகும். அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இளமைத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிற்காலத்தில் இதயநோயும் கடும் உடற்பருமனும் மிகுவதைக் காட்டியது. அச்சம் நீடிக்கையில் கார்டிசோல் என்னும் சுரப்புநீர் ஒழுங்கிழந்து, உறக்கம் கெட்டு, உடலில் மெல்லிய அழற்சி நிலைத்து, இன்சுலினுக்குத் திசுக்கள் சரிவர இணங்காத நிலை உருவாகலாம். துயரைத் தணிக்க ஆண்களும் பெண்களும் நாடும் புகை, மது, மிகையுணவு ஆகியனவும் இதற்குத் துணைபோகின்றன.

அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்தை உள்ளடக்கிய திருப்பூர் வட்டாரத்திலும் அண்டை மாவட்டங்களிலும், திருமணச் செலவுக்கான தொகையை ஒப்பந்த முடிவில் மொத்தமாகத் தருவதாகக் கூறி வளரிளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் தங்கவைத்து வேலைவாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ இப்பொருளில் தனிக் கவனத்துக்குரியது. நீண்ட பணிநேரம், இரவுப்பணி, வெளியுலகத் தொடர்பின்மை ஆகியவற்றை வறுமையின் விளைவென்று மட்டும் கருதுவது போதாது, அவை உடலில் தங்கும் ஊறுகளுமாகும். நடுவண் அரசு 2007இல் வெளியிட்ட குழந்தைக்கொடுமை ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு, மூவரில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதைப் பதிவுசெய்தது. அம்மாநிலங்களுள் தமிழ்நாடு இடம்பெறவில்லை. துன்புறுத்தப்படும் குழந்தைக்காக எவரும் 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.