மூணாவது பின்னை வெட்டாதீங்க: தோல் ஊர்களில் மின்கருவி வந்த கதை



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பற்றி எழுதுகிறவர்கள் தோலைப் பற்றித்தான் எழுதுவார்கள். தோலோடு கூடவே வளர்ந்த மெஷின் ரிப்பேர் தொழிலைப் பற்றி இன்று கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இங்கிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்தான் கப்பலேறியது. சுண்ணாம்புத் தொட்டி, முடி நீக்குவது, சதை சீவுவது என்று பெரும்பகுதி கைவேலை. 1972-ல் சீதாராமையா குழு, முழுமையாக முடித்த தோலாகவும் தோல் பொருளாகவும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. அடுத்த ஆண்டே பாதி முடித்த தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு ஷூ கம்பெனிகள் பெருகின. விதவிதமான மெஷின்கள் வந்தன. அவற்றைப் பழுது பார்க்க டிரில்லும் கிரைண்டரும் எல்லார் கைக்கும் வந்தன.

கையில் பிடிக்கும் மின்சார டிரில்லை 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் செய்தது. துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் வைத்த டிரில்லுக்கு 1917-ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது. ஒயர் வைத்த டிரில்லின் அடிப்படை இன்றும் அதுதான். உள்ளே சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுப்பவை இரண்டு கார்பன் பிரஷ்கள். அவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை.

மெஷின் ஓடவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஒயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். அடுத்து சுவிட்ச். அடுத்து பிரஷ்: குட்டையாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புது பிரஷ் போட்ட பிறகும் பெரிதாகப் பொறி பறந்தால், கருகிய வாடை வந்தால், ஆர்மேச்சரைச் சந்தேகப்படலாம். காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டியது அப்போதுதான். காற்றுத் துளைகளில் தோல் தூசி அடைத்தால் மோட்டார் சூடேறிச் சீக்கிரம் போகும். வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறோம். அதனால் தொழிற்சாலைத் தரையில் நிற்பது வெறும் தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். மின்சாரம் அதில் சுலபமாகப் பாயும். இரும்பு உடல் கொண்ட கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், அதை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த் ஒயர். ரெண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழையவில்லை என்று மூணாவது பின்னை வெட்டினால், மின்சாரம் பிடித்திருப்பவர் உடல் வழியே இறங்கும். சில கருவிகள் ரெண்டு பின்னோடுதான் வரும். அவற்றில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைக் காப்பு உள்ளவை என்று பொருள். அந்தக் குறி இல்லாவிட்டால் எர்த் கட்டாயம். ஆனால் ஈரத்தில் நின்று எந்தக் கருவியையும் இயக்காதீர்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

எரிந்த மோட்டாருக்கு மறுபடி காயில் கட்டிக்கொள்ளலாம். ஆள் போனால் போனதுதான்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஃபிட்டர், எலக்ட்ரீஷியன். உங்கள் பட்டறையில் பின் வெட்டிய பிளக் இருந்தால் இன்றே மாற்றிவிட்டு, கீழே ஒரு வரி எழுதுங்கள். மனசு நிறையும்.