சகானா: ஆழிப்பேரலையின் நடுவே பிறந்த மென்பொருள்



திறவூற்று மென்பொருள் என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'இலவசம்' என்னும் சொல்தான். ஆசிரியர் அறையிலும் பயிலரங்குகளிலும் நான் அடிக்கடி கேட்கும் விளக்கமும் அதுவே. காசு கொடுத்து வாங்க இயலாதவர்க்கு உரியது என்று அதனை ஒதுக்குவோரும் உளர். இக்கருத்து எத்துணைக் குறையுடையது என்பதைக் காட்ட, நமக்கு அண்மையில் உள்ள இலங்கையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்குப் பதிவு செய்ய விழைகிறேன்.

முதலில் சிறு முன்னுரை. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்டு சுடால்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும், திருத்திய வடிவத்தைப் பரப்பவும் பயனர்க்கு உரிமை வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. 1991-இல் பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்சு லினக்சு கருநிரலை வெளியிட்டார். 'ஓப்பன் சோர்சு' என்னும் பெயர் 1998-இல்தான் வழக்கிற்கு வந்தது. விலையைப் பற்றிய பேச்சு இந்த நான்கு உரிமைகளுள் எதிலும் இல்லை என்பதை நோக்குக.

இனி, வரலாற்றுக்கு வருவோம். 2004 திசம்பர் 26 ஞாயிறு காலை சுமத்திராவின் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை பல நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. நம் நாட்டிலும் பினாங்கு, கெடா கரையோரங்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இலங்கையில் இறந்தோர் 30,000-க்கும் மேற்பட்டோர்; வீடிழந்து இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு எனத் தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்த கிழக்குக் கரையே பேரிழப்பை முதலில் சந்தித்தது.

அலை வடிந்தபின் மற்றொரு துன்பம் தொடங்கியது. தாய் ஒரு முகாமில், பிள்ளை வேறொரு முகாமில். யார் உயிருடன் உள்ளார், எங்குள்ளார் என்பதை அறிய வழியில்லை. உலகெங்கிலுமிருந்து உதவிப்பொருள்கள் வந்து குவிந்தன. நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகளும் வந்து சேர்ந்தன. ஆயினும், எந்த ஊருக்கு யார் எதனைக் கொண்டு செல்கின்றனர் என்பதை ஒருங்கே அறிந்தவர் எவரும் இலர். ஓரிடத்தில் உடைகள் மலைபோல் குவிந்து கிடக்க, மற்றோரிடத்தில் குடிநீருக்கே தவிப்பு. ஏட்டிலும் தாளிலும் எழுதிச் சமாளிக்கக்கூடிய அளவை அத்துயரம் கடந்துவிட்டது.

இந்நிலையில் இலங்கையின் கணினித் துறையினர் பலர் தன்னார்வலராகத் திரண்டனர். லங்கா மென்பொருள் அறக்கட்டளை இப்பணிக்கு முன்னின்றது. சில நாள்களிலேயே ஓர் இணையவழிச் செயலியை அவர்கள் உருவாக்கினர். அதன் பெயர் சகானா. நம் காதுக்குக் கருநாடக இசையின் இராகப் பெயராக ஒலிக்கும் இச்சொல், சிங்களத்தில் 'துயர்தீர்ப்பு' எனப் பொருள்படும். காணாமற்போனோர் பதிவேடு, தொண்டு அமைப்புகளின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்திப் பார்க்கும் பகுதி ஆகியவை அதன் உறுப்புகள்.

சில நாள்களில் இஃது எவ்வாறு இயன்றது? இங்குதான் திறவூற்றின் உண்மைப் பயன் விளங்குகிறது. அவர்கள் வெறுந்தரையில் தொடங்கவில்லை. அப்பாச்சி வழங்கி, மைசீக்குவல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி ஆகிய மூன்றும் ஆயத்தமாக இருந்தன. மூன்றுமே 1995-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தவை. எந்த நிறுவனத்திடமும் உரிமம் கேட்டுக் காத்திருக்கவோ, எத்தனைக் கணினி என்று கணக்குக் காட்டவோ தேவை எழவில்லை. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த நாட்டில் ஒப்பந்தத்தாள் வந்துசேரும்வரை யார் காத்திருப்பது?

உருவானதைக் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிட்டதால், அது கடல்கடந்தும் சென்றது. 2005 அக்தோபரில் பாக்கித்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006-இல் பிலிப்பைன்சின் தென் லெய்த்தே மண்சரிவிலும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் சகானா பயன்பட்டது. 2010-இல் எயித்தி நிலநடுக்கத்தின்போது மருத்துவமனைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டவும் உதவியது. ஒரு நாட்டின் துயரில் கற்ற பாடம் அடுத்த நாட்டின் துயரில் கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமுதாயப் பயன்மிக்க திட்டங்களுக்காக வழங்கும் விருதை 2006-ஆம் ஆண்டுக்குச் சகானாவிற்கு அளித்தது. அவ்விருது ஏற்படுத்தப்படுவதற்கே சகானாதான் தூண்டுகோல் என்பது கூடுதல் சிறப்பு.

இரண்டு செய்திகளையும் மறவாமல் சொல்ல வேண்டும். முதலாவது, திறந்திருப்பது நிரல்தானே தவிர மக்களின் தரவு அன்று. பெற்றோரை இழந்த குழந்தைகளின் பெயரும் இருப்பிடமும் தீயோர் கையில் கிடைத்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். நிரலை ஊரறியத் திறந்து வைத்தும் தரவைப் பூட்டிக் காக்கலாம், காக்கவும் வேண்டும். இரண்டாவது, தன்னார்வம் மட்டும் நெடுநாள் நில்லாது. பேரிடரின் வேகத்தில் கூடியவர்கள் பின்னர்த் தத்தம் பணிக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவேதான் சுவீடனின் சீடா அமைப்பு போன்றவற்றின் நிதியுதவியுடன் சகானா செப்பமாக மீண்டும் எழுதப்பட்டது. 2009-இல் தனி அறக்கட்டளையும் அதற்கென அமைந்தது. இலவசமாகக் கிடைப்பது எவருடைய உழைப்புமின்றி விளைந்தது என்று எண்ணுதல் கூடாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. லிபர் ஆபீசையோ பயர்பாக்சையோ மாணவர்க்கு அறிமுகம் செய்யும்போது 'இது காசில்லாமல் கிடைக்கும்' என்பதோடு நிறுத்திவிட வேண்டா. யாரோ எழுதியதை நாம் பயன்படுத்துகிறோம், நாளை நாம் எழுதுவதை யாரோ பயன்படுத்தக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இது விளங்கும். விளங்காவிடில், மட்டக்களப்பு முகாமில் தன் பிள்ளையின் பெயரைத் தேடி நின்ற ஒரு தாயைப் பற்றிச் சொல்லுங்கள், கட்டாயம் விளங்கும்.