தெற்கு நோக்கிய நீர்வழி

ஆவணி மாதத்தில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்லும் திருப்பயணிகளை நம் வட்டாரச் சாலைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். நன்னிலத்து மக்களுக்கு அது பழகிய காட்சி. ஆனால் அந்தக் கடற்கரையை ஒட்டி, தெற்கே செல்வதற்கென்றே வெட்டப்பட்ட நீர்வழி ஒன்று இருப்பதையும், ஒரு காலத்தில் அதில் சரக்குத் தோணிகள் சென்றதையும் அறிந்தவர் நம்மில் சிலரே.

காவிரி நாட்டு ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடுபவை. அரசலாறும், முடிகொண்டானும், திருமலைராசனும், வெட்டாறும் கடலைத் தேடிச் செல்கின்றன. ஆற்றோடு போனால் கடலை அடையலாம்; நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யத்தை அடைய இயலாது. அதற்குக் கடலில் பாய் விரிக்க வேண்டும். பாய் விரிப்பதற்கோ காற்றின் இசைவு வேண்டும்.

சோழமண்டலக் கரையில் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. மாசி, பங்குனி தொடங்கித் தெற்கிலிருந்து சோழகம் வீசும்; கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கி ஓடும். அக்காலத்தில் தெற்கே போக நினைக்கும் மரக்கலம் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஐப்பசியில் வாடை எழுந்தால் தெற்கே செல்லக் காற்று உண்டு. ஆனால் புயலுக்கும் அதுவே பருவம். வழி திறக்கும் நாளும் ஆபத்து வரும் நாளும் ஒன்றாக அமைந்த கடல் இது.

இந்தக் காற்றிடம் அகப்பட்டவர்களில் தூய பிரான்சிஸ் சவேரியாரும் ஒருவர். குருமடத்தில் அவருடைய மடல்களைப் படித்த நாளில் நாகப்பட்டினம் என்னும் பெயரைக் கண்டு மகிழ்ந்தேனேயன்றி, அங்கு நடந்தது என்னவென்று நின்று எண்ணிப் பார்க்கவில்லை. 1545ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் நாகையில் இருந்தார். மன்னாரில் புதுக்கிறித்தவர்கள் கொல்லப்பட்டதன் பொருட்டு யாழ்ப்பாண மன்னன்மேல் போர்த்துக்கீசியர் படையெடுப்பர் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிப்போக, அதன் சரக்கு மன்னன் கையில் சிக்கியது. சரக்கை மீட்பதா, போர் தொடுப்பதா என்ற நிலையில் படையெடுப்பு கைவிடப்பட்டது. (அது கைவிடப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. வாளின் துணையோடு நற்செய்தி போகாதிருந்ததே நலம்.) சவேரியார் குமரிமுனைப் பக்கம் உள்ள தம் மக்களிடம் திரும்ப விரும்பினார். காற்று எதிராக நின்றது. தெற்கே செல்ல இயலாமல் வடக்கே மயிலாப்பூருக்குச் சென்றார். அங்கே தூய தோமாவின் கல்லறையருகே ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கி, இறைத்திருவுளத்தைத் தேடினார். மலாக்காவுக்குச் செல்வதென்ற முடிவு அங்கேதான் உறுதியாயிற்று. பின்னர் அவர் சப்பான் வரை சென்றதற்கு இதுவே தொடக்கம். தூய பவுல் பித்தினியா நாட்டுக்குச் செல்ல முயன்றபோது ஆவியார் தடுத்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. நம் கரையில் அந்தத் தடை சோழகக் காற்றாக வந்தது. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சான்சியான் தீவில் அவர் இறந்ததும், படகுக்காகக் காத்திருந்த வேளையில்தான்.

வேளாங்கண்ணி வரலாற்றிலும் கடல் இப்படியே வருகிறது. மக்காவிலிருந்து கொழும்புக்குச் சென்ற போர்த்துக்கீசியக் கப்பல் பதினேழாம் நூற்றாண்டில் புயலில் சிக்கி, அன்னையின் பிறப்புவிழா நாளில் கரை சேர்ந்தது என்பது மரபு. இலங்கைக்குப் போனவர்கள் இங்கே இறங்க நேர்ந்தது.

ஆங்கில ஆட்சியினர் காற்றுக்குக் காத்திருக்க விரும்பவில்லை. கடலை ஒட்டி உள்நாட்டிலேயே வழி வெட்டினர். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806இல் தொடங்கிய கால்வாய், வடக்கே ஆந்திரக் கரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி, 1876-78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில், 1877இல், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று சில மாதங்கள் கூலியைக் குறைத்தும் பார்த்தார்கள். பசித்தவன் தலையில் மண்கூடையை ஏற்றிவிட்டு, அதற்கு நிவாரணம் என்று பெயரிட்ட காலம் அது. மரக்காணத்துக்குத் தெற்கே அந்தக் கால்வாய் வரவில்லை.

நமக்குரியது வேதாரண்யம் கால்வாய். 1863க்கும் 1867க்கும் இடையே, நாகையிலிருந்து வேதாரண்யம் வரை ஏறத்தாழ 57 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டது. நாகைக்கு 1861இல் இருப்புப்பாதை வந்துவிட்டது, துறைமுகமும் இருந்தது. வேதாரண்யத்து உப்பும் புகையிலையும் அங்கே வந்து சேர வேண்டும். காற்று வாய்த்தால் பாய், வாய்க்காவிட்டால் கழி, அதுவும் போதாதபோது கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்கும் ஆள். இத்தகைய கால்வாய்களில் தோணி சென்ற முறை இதுவே. காற்றின் தயவு தேவையில்லை என்று அமைத்த வழியில், காற்று நின்றபோது மனிதனின் தோள் பாயாக வேண்டியிருந்தது.

அந்தத் தோணிகளில் ஏறிய உப்பு யாருடையது? 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை. உப்பளத்தின் அருகிலேயே வாழ்ந்த ஏழை, தன் கஞ்சிக்கு ஒரு பிடி உப்பை அள்ளினால் குற்றவாளி. ஆகவேதான் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட இராசாசியும் தொண்டர்களும், ஏறத்தாழ 150 மைல் நடந்து, ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளினர். கால்வாய் வழியே உப்பு வெளியேறிய ஊருக்கு, உரிமை கேட்டவர்கள் கால்நடையாக வந்தார்கள்.

பின்னர் இருப்புப்பாதையும் சாலையும் தெற்கே நீண்டன. தோணிகள் குறைந்து மறைந்தன. ஆயினும் கால்வாயின் கதை அத்துடன் முடியவில்லை. வெண்ணாற்றுப் பகுதியின் வடிகால் ஆறுகள் கடலை நெருங்குமிடத்தில் அது குறுக்கே கிடக்கிறது. மண் மேடிட்டுக் கடல்முகம் அடைபட்டால், வயல்நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. கடல் பொங்கினால் உவர்நீர் உள்ளே ஏறுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியதும் இந்தக் கரையில்தான். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அண்மை ஆண்டுகளில் வெண்ணாற்றுப் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட சீரமைப்பில் இந்தக் கால்வாயும் சேர்க்கப்பட்டது. கடைமடை உழவர்கள் அதில் மீண்டும் தோணி விட வேண்டுமென்று கேட்கவில்லை. வாடை எழுவதற்குமுன் தூர் வாரி, கடல்முகத்தைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார்கள். சம்பா நடவு முடிந்து பயிர் இளசாக நிற்கும் நாள்கள் அவை.